கூரையைப் போட்டோம், ஆணியை மறந்தோம்

இந்த மாதக் கிளை வகுப்புக்குப் பேரிடரும் தொண்டும் பற்றி ஒரு பாடம் எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு கட்டடப் பொறியியல் படிக்கிறேன். புயல், காற்று, கூரை எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பேரிடர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பசு மாடு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டி வீட்டில் நடந்தது

எங்கள் பாட்டி வீடு கெடாவில், ஒரு பழைய தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாட்டியும் மாமாவும் நாலு மாடு வைத்திருந்தார்கள். காலையில் பால் கறந்து, மாமா மோட்டாரில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார்.

ஓர் அக்டோபர் மாதம், சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், காற்று வந்தது. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது என்று பாட்டி சொன்னார். அதற்குள் மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரை முழுவதும் பிய்ந்து, வேலியைத் தாண்டிப் போய் விழுந்துவிட்டது. வீட்டுக் கூரையிலும் ஒரு மூலை போய்விட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. மாடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் கிளை இளைஞர்கள் பன்னிரண்டு பேர் வேன் எடுத்துக்கொண்டு போனோம். பழைய தகரத்தில் நல்லதைப் பொறுக்கி எடுத்தோம், புதுசு கொஞ்சம் வாங்கினோம். சாயங்காலத்துக்குள் கொட்டகைக்குக் கூரை போட்டாச்சு. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். பாட்டி தோசை சுட்டுப் போட்டார். வேனில் திரும்பி வரும்போது எனக்கு ரொம்பப் பெருமை. 'படிக்கிற படிப்புக்கு ஒரு பிரயோசனம் இருக்கு' என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மாமா போன் பண்ணினார். சிவப்பி தின்னமாட்டேங்குது என்றார். சிவப்பி பாட்டிக்குப் பிடித்த மாடு. முதுகைக் கூனிக்கொண்டு நின்றது, நடக்கவே யோசித்தது, பால் குறைந்துபோனது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். கம்பியோ ஆணியோ வயிற்றுக்குள் போயிருக்கு, நெஞ்சுப் பக்கம் குத்தியிருக்கு என்றார். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாலு நாளில் சிவப்பி செத்துப்போனது.

கூரையிலிருந்து பிடுங்கின பழைய ஆணிகளை நாங்கள் புல்லிலேயே போட்டுவிட்டு வந்திருந்தோம். காற்று பிய்த்துப் போட்டதும் அங்கேதான் கிடந்தது. பாட்டி திட்டவில்லை. "மேல பாத்தீங்க, கீழ யாரும் பாக்கலையே" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான், விவசாய ஊர்களில் காற்றுச் சேதம் வந்தால் மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததில் ஓர் ஊர் மனதில் நின்றுவிட்டது. இந்தப் பாடம் அந்த ஊரைப் பற்றியது.

கிரீன்ஸ்பர்க், 2007 மே 4

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் கோதுமை விளையும் சமவெளி. அதன் தென்மேற்கில் கயோவா மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர் கிரீன்ஸ்பர்க். அப்போது சுமார் 1,400 பேர் வாழ்ந்தார்கள். சுற்றிலும் கோதுமை வயல், மாட்டுப் பண்ணை. ஊர் நடுவில் உயரமான தானியக் கிடங்கு. கையாலேயே தோண்டிய பெரிய கிணறு ஒன்றும் உண்டு; 1880களில் வெட்டியது, ஆழம் 109 அடி. ஊருக்குப் பெருமையே அந்தக் கிணறுதான்.

2007 மே 4, வெள்ளிக்கிழமை இரவு. ஒரு பெரிய சுழல்காற்று ஊரை நோக்கி வருகிறது என்று டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகம் எச்சரிக்கை விடுத்தது. ஊரில் அபாயச் சங்கு ஊதியது. மக்களுக்குக் கிடைத்த நேரம் ஏறக்குறைய இருபது நிமிடம். அந்தப் பக்கம் பல வீடுகளுக்குத் தரைக்குக் கீழே ஓர் அறை உண்டு. பெரும்பாலோர் அதற்குள் இறங்கிவிட்டார்கள்.

இரவு 9.45 மணி அளவில் காற்று ஊருக்குள் நுழைந்தது. சுழலின் அகலம் மட்டும் சுமார் 2.7 கிலோமீட்டர். ஊரே அதற்குள் அடங்கிப்போனது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் என்று பிறகு கணக்கிட்டார்கள். விடிந்து பார்த்தால் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இல்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைத்தெரு, வீடுகள் எல்லாம் குப்பை மேடு. தானியக் கிடங்கும், மாவட்ட நீதிமன்றக் கட்டடமும், இன்னும் சிலவும்தான் நின்றன.

அந்தச் சுழல்காற்றில் 11 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் உயிரும் பெரிய இழப்புதான். ஆனால் ஊரே தரைமட்டமான பிறகும் மற்ற அத்தனை பேரும் உயிரோடு இருந்ததற்கு இரண்டு காரணங்கள்: முன்கூட்டியே வந்த எச்சரிக்கை, அதைக் கேட்டதும் உடனே இறங்கிப் போன பழக்கம்.

இந்தக் காற்று எப்படிப் பிறக்கிறது?

கன்சாஸ் சமவெளிக்குத் தெற்கே மெக்சிகோ வளைகுடா. அங்கிருந்து சூடான, ஈரமான காற்று தரையை ஒட்டி வரும். மேற்கே மலைகள். அந்தப் பக்கமிருந்து வறண்ட காற்று மேலே வரும். வசந்த காலத்தில் இரண்டும் சந்திக்கும்போது ஈரக் காற்று வேகமாக மேலே கிளம்பி, பெரிய இடிமேகமாகிறது. தரையருகே காற்று ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும், வேறு வேகத்திலும் அடித்தால், இடையில் இருக்கும் காற்று உருளத் தொடங்கும். இரண்டு கைக்கு நடுவில் பென்சிலை வைத்து உருட்டுகிற மாதிரி. மேலே எழும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிடும். இப்போது மேகமே சுழல்கிறது. அந்தச் சுழற்சி குறுகித் தரையைத் தொட்டால் அதுதான் சுழல்காற்று.

நம் நாட்டில் நிலைமை வேறு. பருவக்காற்று மாறும் மாதங்களில், அதாவது மார்ச்சிலிருந்து மே வரையும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையும், மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகலில் பலத்த காற்றோடு இடிமழை வரும். சில சமயம் சின்னச் சுழல்காற்றும் தோன்றும். மலாய்க்காரர்கள் அதைப் பூத்திங் பெலியோங் என்பார்கள். 2014 அக்டோபரில் கெடா, பெண்டாங் பகுதியில் நெல்வயல்களுக்கு நடுவே அப்படி ஒன்று வந்து வீட்டுக் கூரைகளைப் பிய்த்தது. கன்சாஸ் அளவுக்கு இங்கே வராது. ஆனால் தகரக் கூரையைத் தூக்குவதற்கு அவ்வளவு பெரிய காற்று தேவையே இல்லை.

குப்பை பேசும் மொழி

சுழல்காற்றுக்குள் கருவியை வைத்து அளப்பது கஷ்டம். அப்படியானால் வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள்? சேதத்தைப் பார்த்துத்தான். இந்த முறையை 1971-இல் வகுத்தவர் பேராசிரியர் ஃபுஜிதா. ஜப்பானில் பிறந்து சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இளம் வயதில் அவர் நாகசாகிக்குப் போய், அணுகுண்டு விழுந்த இடத்தில் மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்து கிடக்கின்றன என்று பார்த்துக் குறித்தவர். அந்தக் கண் அவருக்குக் கடைசி வரை உதவியது.

அவருடைய அளவுமுறையைத் திருத்தி 2007 பிப்ரவரியில் அமெரிக்காவில் புதிதாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை படிகள். மொத்தம் 28 வகைப் பொருள்களின் சேதத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அந்தப் பட்டியலில் பண்ணைக் கொட்டகை உண்டு, மரமும் உண்டு. புதிய முறையில் ஐந்தாம் படி என்று முதன்முதலில் மதிப்பிடப்பட்டது கிரீன்ஸ்பர்க்தான்.

இன்னொரு விஷயத்தையும் ஃபுஜிதா கண்டுபிடித்தார். சில இடங்களில் மரங்கள் சுழன்று விழாமல், ஒரு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக விழுந்து கிடந்தன. இடிமேகத்திலிருந்து காற்று கீழே கொட்டித் தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவினால் அப்படித்தான் விழும். வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் சிதறுகிற மாதிரி. இதைப் படித்ததும் பாட்டி வீட்டுப் படங்களை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். தகரம், வாழைமரம், வேலிக்கம்பு எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அக்கம்பக்கத்தார் பூத்திங் பெலியோங் என்றார்கள். படங்களோ நேர்க்காற்று என்றுதான் காட்டின. அன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் நின்று பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நாங்கள் படம் எடுப்பதில் குறியாக இருந்தோம், பார்ப்பதில் இல்லை.

கூரை ஏன் பறக்கிறது?

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரே ஒரு கணக்குதான்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். வீட்டுத் தகரத்தின் சொந்த எடை ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நாலு கிலோதான். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலத் தகரம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதை மேலே இழுக்கும் விசை கிட்டத்தட்ட ஒரு வளர்ந்த ஆளின் எடை. அதைப் பிடித்து வைத்திருப்பது தகரத்தின் எடை இல்லை. ஆணிகள்தான். கிரீன்ஸ்பர்க் வேகத்தில் இதே கணக்கைப் போட்டால், சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டும்.

காற்று கூரைக்கு மேலே ஓடும்போது மேலிருந்து உறிஞ்சுகிறது. மாட்டுக் கொட்டகை போலப் பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் தூக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் மிக அதிகம். பாட்டி வீட்டில் ஏன் ஒரு மூலை மட்டும் போனது என்பதற்கு விடை இதுதான்.

நம் ஊரில் பலர் தகரத்தின்மேல் செங்கல், பழைய டயர் எல்லாம் ஏற்றி வைப்பார்கள். மாமாவும் வைத்திருந்தார். பலத்த காற்றில் அதுவும் சேர்ந்துதான் பறக்கும், கீழே இருப்பவர் தலையில் விழும். வழவழப்பான ஆணி, மரம் காய்ந்து இற்றுப்போகப் பிடி விட்டுவிடும். ரப்பர் வாஷர் போட்ட திருகாணி பல மடங்கு பிடிக்கும்.

கிரீன்ஸ்பர்க் போன்ற இடங்களில் சேதத்தை ஆராய்ந்த பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: தகரம் சட்டத்தோடும், சட்டம் விட்டத்தோடும், விட்டம் தூணோடும், தூண் அடித்தளத்தோடும் விட்டுப்போகாமல் பிணைந்திருக்க வேண்டும். சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் அறுபடும். கூரையை மட்டும் இறுக்கி, தூணைச் சும்மா மண்ணில் நட்டு வைத்தால், அடுத்த காற்றில் கொட்டகையே எழுந்து போகும்.

வயலில் கிடக்கும் சேதம்

வீடு இடிந்தது கண்ணுக்குத் தெரியும். விவசாய ஊரில் பாதிச் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் வயலில் கிடக்கும்.

கன்சாஸில் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து ஜூன் மாத வாக்கில் அறுப்பார்கள். மே மாதத்தில் சுழல்காற்று வந்தால் அறுவடைக்கு ஒரு மாதம்தான் இருக்கும். பயிருக்குள் தகரத்துண்டு, கண்ணாடி, ஆணி, கம்பி எல்லாம் வந்து விழுந்திருக்கும். அறுவடை இயந்திரத்தின் பற்களில் ஓர் இரும்புத்துண்டு மாட்டினால் இயந்திரம் போச்சு. டயர் கிழியும். வேலி அறுந்தால் மாடுகள் சாலைக்குப் போய்விடும். காலியாக நிற்கும் தானியத் தொட்டி எளிதில் நசுங்கி உருண்டு போகும். தானியம் நிறைந்த தொட்டி தன் எடையால் தாக்குப்பிடிக்கும்.

மாடுகளுக்கு வரும் ஆபத்து இன்னொன்று. மாடு நம்மைப் போல மென்று பார்த்து விழுங்குவதில்லை. புல்லோடு ஆணி வந்தாலும் உள்ளே போய்விடும். கனமான இரும்பு, இரைப்பையின் இரண்டாவது அறையில் போய்த் தங்கும். அந்த அறைக்கு முன்னால், ஒரு மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் இதயம். அறை சுருங்கி விரியும்போது ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திக்கொண்டு போகும். விழுங்கின அன்றே தெரியலாம், வாரக்கணக்கில் தெரியாமலும் போகலாம். சிவப்பிக்கு நடந்தது இதுதான்.

அமெரிக்கப் பண்ணையாளர்கள் விரல் அளவுள்ள வழவழப்பான காந்தம் ஒன்றை மாட்டுக்கு விழுங்கக் கொடுப்பார்கள். அது அந்த அறையிலேயே ஆயுள் முழுவதும் தங்கி, வரும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுழல்காற்று கடந்த ஊர்களில் தொண்டர்கள் கையுறை போட்டுக்கொண்டு, வயலில் தோளோடு தோள் வரிசையாக நடந்து குப்பை பொறுக்குவார்கள். அதை யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள், பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் அறுவடையையும் மாட்டையும் காப்பாற்றுவது அந்த நடைதான்.

திரும்பக் கட்டிய ஊர்

கிரீன்ஸ்பர்க் மக்கள் பல மாதங்கள் தற்காலிக வீடுகளில் இருந்தார்கள். கூடாரத்தில் கூட்டம் போட்டு, ஊரை எப்படிக் கட்டுவது என்று பேசினார்கள். அவசரமாகப் பழைய மாதிரியே கட்டியிருக்கலாம். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: எந்தக் காற்று நம்மை அழித்ததோ அதே காற்றை ஏன் பயன்படுத்தக்கூடாது?

4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடங்கள் எல்லாம், பசுமைக் கட்டடங்களுக்கான மிக உயர்ந்த தரமான லீட் பிளாட்டினம் தரத்தில் இருக்க வேண்டும் என்று நகர மன்றம் தீர்மானம் போட்டது. அப்படித் தீர்மானித்த முதல் அமெரிக்க ஊர் அதுதான். ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள், மொத்தம் 12.5 மெகாவாட், 2010-இல் இயங்கத் தொடங்கின. தெருவிளக்கெல்லாம் எல்இடி.

ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் இருந்தவர்கள் 777 பேர். பாதிப் பேர் திரும்பவில்லை. கட்டடம் நன்றாக எழுந்தால் மட்டும் ஊர் எழுந்துவிடாது. சேவைக்குப் போகும் நாம் இதை மனதில் வைக்கவேண்டும்.

நம் கிளைகள் செய்ய வேண்டியது

அடுத்த முறை காற்றுச் சேதத்துக்குத் தொண்டு செய்யப் போகும்போது, இந்த வரிசையில் செய்வோம்.

1. முதல் பத்து நிமிடம் யாரும் எதையும் தொடாமல் சுற்றிப் பார்க்கவேண்டும். அறுந்த மின்கம்பி இருந்தால் கிட்டப் போகக்கூடாது. மின்சார வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கவேண்டும். பொருள்கள் எந்தத் திசையில் விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: முதலில் எது வேண்டும்? நாமாக முடிவு செய்ய வேண்டாம். பாட்டியிடம் கேட்டிருந்தால் "மாடு மேயிற இடத்தைப் பாருங்கப்பா" என்றுதான் சொல்லியிருப்பார்.

3. கூரை ஏறுவதற்கு முன் தரை. கெட்டியான காலணி, தடித்த கையுறை. கை எட்டும் தூரத்தில் வரிசையாக நின்று மெதுவாக நடங்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கம்பில் கட்டிப் புல்மேல் இழுத்தால் ஆணி ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும் ஆணியைப் போட ஆளுக்கு ஒரு டின்.

4. கூரை போடும்போது திருகாணி. ஓரத்திலும் மூலையிலும் நெருக்கமாக. செங்கல், டயர் வேண்டாம். உயரத்தில் ஏற, வேலை தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

5. மூன்று வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள். போன் பண்ணினால் மட்டும் போதாது.

இன்னொன்று. காற்று வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. திறந்த ஜன்னல் வழியாகக் காற்று புகுந்து கூரையைத் தள்ளும். மூடிவிட்டு, ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விடவேண்டும்.

வகுப்பில் பேசுவதற்கு

• கிரீன்ஸ்பர்க்கில் இருபது நிமிட எச்சரிக்கை உயிர்களைக் காப்பாற்றியது. உங்கள் வீட்டில் இருபது நிமிடம் கிடைத்தால் யார் என்ன செய்வார்கள்?

• நம் கிளை செய்த ஒரு தொண்டை நினைத்துப் பாருங்கள். படத்தில் தெரியாத எந்த வேலையை விட்டுவிட்டோம்?

• உங்கள் வீட்டுக் கூரையிலோ, உங்கள் கோயில் பந்தலிலோ பலவீனமான கண்ணி எது? இந்த வாரம் மாலையில் அப்பாவோடு போய்ப் பாருங்கள்.

இந்தப் பாடத்தை எழுதி முடித்துப் பாட்டிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். சிவப்பி பேரைப் போட்டதுக்குச் சந்தோஷப்பட்டார். கொட்டகைத் தூண்களுக்கு மாமா இப்போது சிமிந்தி போட்டிருக்கிறார். போன பள்ளி விடுமுறையில் போனபோது, தம்பி தங்கைகள் காந்தக் கம்பை இழுத்துக்கொண்டு புல்தரையில் நடந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகும் பதினேழு ஆணி கிடைத்தது. அதை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன், எல்லாரும் கையில் எடுத்துப் பாருங்கள்.